இருபத்தேழு விடைத்தாள்களில் ஒரு குடை

பள்ளிக்கூடத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லாரையும் பற்றிப் போடுகிறார்களாம். "நல்லதா நாலு வார்த்தை போதும், கூட ஒரு போட்டோ குடுத்துடுங்க" என்று இப்போதைய ஆபீஸ் பெண் போனில் சொன்னாள். அதே ஆபீஸ் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவள் நான். நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு அவள் சொல்லித்தர வேண்டியதில்லை. அர்ப்பணிப்பு, பொறுமை, மாறாத புன்னகை என்று எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்தால் அக்காவே 'யார் இந்தம்மா?' என்று கேட்பாள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பள்ளியில் 'அப்புறம் டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை "அப்புறம்?" என்பதுதான். சரி என்றும் சொல்லமாட்டாள், தப்பு என்றும் சொல்லமாட்டாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி, "அப்புறம்?" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஆளிடம் ஒருமுறை அப்படிக் கேட்டுவைத்தாள். அந்த மனிதர் தன் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லி, இரண்டு டம்ளர் தேநீரும் குடித்துவிட்டுப் போனார். குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

எங்கள் அப்பா அதற்கு நேர் எதிர். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. வீட்டிலும் எங்களைத் திருத்திக்கொண்டே இருப்பார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்பது அவருடைய சட்டம். நான் திருப்பிப் பேசி அடி வாங்கினேன். அக்கா பேசாமல் இருந்து தப்பித்தாள். தப்பித்தாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். டீச்சர் ஆன பிறகு ஒருநாள் சொன்னாள், "எனக்கு அப்போ எவ்வளவோ தோணும்டி. இப்ப என்னன்னு ஞாபகம் வரல. அதுதான் கஷ்டமா இருக்கு."

அதனால் வந்ததுதான் வியாழக்கிழமை கடைசி வகுப்பு. தலைமை ஆசிரியர்கள் நாலு பேர் மாறினார்கள். அந்த வகுப்பு மட்டும் மாறவில்லை. மணி அடித்ததும் "பேனாவை மூடு" என்பாள். முப்பத்தாறு மூடிகள் டக் டக் என்று மூடும். எழுத ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை பயம் வந்துவிடும், யோசனை ஓடிவிடும் என்பது அவள் கணக்கு. கையில் கிடைத்த எதையாவது மேஜைமேல் வைப்பாள். ஒற்றைச் செருப்பு, காலி டப்பா, நின்றுபோன கடிகாரம். "இத வச்சு என்ன பண்ணலாம்?" அவ்வளவுதான் பாடம். அதில் ஒரு விதி உண்டு: யார் சொன்ன யோசனையாக இருந்தாலும், பிடித்திருந்தால் நீயும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். "அது நான் சொன்னது டீச்சர்" என்று எந்தப் பிள்ளையாவது சிணுங்கினால், "அதனாலதான் அவனுக்கும் பிடிச்சிருக்கு, நீ பெரிய ஆளு போ" என்று சிரிக்கவைத்துவிடுவாள்.

அந்த விதியைப் பற்றி முப்பது வருஷத்தில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. நானும்தான்.

அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மகள் இருந்தாள். பிள்ளைகள் அவளை 'லிஃப்ட்டு' என்றே கூப்பிட்டார்கள். அப்பா வேலைக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது. அவள் பேச ஆரம்பித்தால் பாதியில் நிற்பாள். கண் மேலே போகும். வாய் திறந்தபடி இருக்கும். "நடு மாடில நின்னுடுச்சு டீச்சர்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எப்படியும் லிஃப்ட் மேலே வந்து சேரும், வரும்போது வெறுங்கையோடு வராது.

மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, அலமாரிக்குப் பின்னால் கிடந்த குடை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். இரண்டு கம்பி முறிந்து, துணி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்த குடை. கொடியில் மாட்டிச் சாக்ஸ் காயப்போடலாம் என்றது ஒரு பிள்ளை. துணியை வெட்டி நாய்க்குச் சட்டை தைக்கலாம் என்றது இன்னொன்று. லிஃப்ட்டு எழுந்தாள், ஆரம்பித்தாள், நின்றாள், எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு சொன்னாளாம்:

"உடைஞ்ச குடைய ரிப்பேர் பண்ணக் கூடாது டீச்சர். அப்படியே பிடிச்சுக்கிட்டு நடக்கணும். நல்ல குடை வச்சிருந்தா யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. உடைஞ்ச குடைன்னா, பாக்கறவங்க 'வா, என் குடைக்குள்ள வா'ன்னு கூப்பிடுவாங்க. புதுசா ஸ்கூலுக்கு வர்றவங்களுக்கு இத குடுக்கலாம்."

அன்று சாயங்காலம் அக்கா தேநீரை ஆறவிட்டுவிட்டு இதை என்னிடம் சொன்னாள். "நானும் நாப்பது வருஷமா குடை பிடிக்கிறேன்டி. ஒருநாளாவது எனக்கு இப்படித் தோணியிருக்கா?" என்றாள். வகுப்புக்கும் அது பிடித்துப்போயிற்று. அந்த மழை முடியும்வரை அதுதான் விளையாட்டு. ஒரு பிள்ளை உடைந்த குடையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் சோகமாக நடக்கும், மற்றவர்கள் "வா, வா" என்று ஓடுவார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். சத்தம் தாங்காமல் இரண்டுமுறை எழுந்துபோய் அதட்டியும் இருக்கிறேன்.

நாலு மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து கட்டுக் கட்டாகத் தாள் வந்தது. அந்த வருஷம்தான் முதல் முறையாகப் 'படைப்புச் சிந்தனைத் தேர்வு' வைக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒரு பிள்ளைக்குத் தலைநகரத்தில் புதிதாகத் திறந்த பள்ளியில் இடம். விடுதியில் தங்கிப் படிப்பு முடியும்வரை படிக்கலாம். மரவேலை, மின்வேலை என்று பட்டறைகளே ஏழோ எட்டோ இருக்கின்றனவாம். பாடப் புத்தகமே கிடையாதாம். அக்கா அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா என்ன?

தேர்வன்று காலை உறையைப் பிரித்தோம். ஒரே கேள்வி. 'உடைந்த குடை ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? நாற்பது நிமிடம்.'

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அடடா, நம்ம பிள்ளைங்க பொளந்து கட்டிடுவாங்க" என்றாள். நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் விதிமுறைத் தாளை அதற்குப் பிறகுதான் முழுதாகப் படித்தோம்.

மதிப்பெண்ணை அந்தந்தப் பள்ளியே எண்ணி அனுப்ப வேண்டும். யோசனைகளின் எண்ணிக்கைக்கு ஒரு பகுதி. பெரும்பகுதி 'தனித்தன்மை'க்கு. அதை எப்படி அளப்பது? அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் எழுதிய யோசனைக்கு ஐந்து. இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் இரண்டு. நாலு பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் பூஜ்யம். யோசனைகளை வரிசையாக எழுதி, எத்தனை பேர் எழுதினார்கள் என்று கோடு போட்டு எண்ண வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒன்று. அந்தக் கோடு போடுகிற வேலை என்னுடையது.

அக்கா தாளைப் படிக்கப் படிக்க நான் கோடு போட்டேன். 'உடைந்த குடையோடு நடந்தால் மற்றவர்கள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.' ஒரு கோடு. அடுத்த தாளில் மறுபடி அதே. அதற்கடுத்த தாளிலும் அதே. பத்தாவது தாளில் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. மொத்தம் இருபத்தேழு கோடு. வகுப்பே அந்தப் பெண்ணின் யோசனையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்திருந்து, தேர்வன்று கொண்டுவந்து கொட்டியிருந்தது.

லிஃப்ட்டு மொத்தம் நாலே யோசனைதான் எழுதியிருந்தாள். குண்டு குண்டான எழுத்தில், நிதானமாக, முழு வாக்கியங்களாக. ஒன்று அவள் அந்த வியாழக்கிழமை சொன்னது, மற்ற மூன்றும் அதே மழைக்காலத்தில் விளையாட்டுக்கு நடுவே அவளே சொன்னவை. நாலும் பத்துப் பேருக்குக் குறையாமல் எழுதியவை. தனித்தன்மை என்ற கட்டத்தில் அக்கா பூஜ்யம் போட்டாள். வகுப்பிலேயே அந்தக் கட்டத்தில் பூஜ்யம் வாங்கிய ஒரே பிள்ளை அவள்தான். மற்றவர்கள் அவளுடையதோடு தங்கள் பங்குக்குக் கண்டதையும் கிறுக்கி, இரண்டு மதிப்பெண்ணாவது தேற்றியிருந்தார்கள்.

முதலில் வந்தது யார் தெரியுமா? இரண்டு மாதம் முன்னால் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன். குடை விளையாட்டைப் பார்க்காதவன். கம்பியால் முதுகு சொறியலாம், பூனையை விரட்டலாம், பரணில் இருக்கும் பெட்டியை இழுக்கலாம் என்று பதினொன்று எழுதியிருந்தான். முதுகு சொறிவது வேறு யாருக்கும் தோன்றவில்லை, அதற்கு ஐந்து. அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதுகு எல்லாருக்கும்தான் அரிக்கிறது.

எண்ணி முடித்த பிறகு கடைசித் தாளுக்கு வந்தோம். அது உறுதிமொழி. 'இக்கேள்வி இதற்கு முன் வகுப்பில் எவ்வகையிலும் பேசப்படவில்லை என உறுதியளிக்கிறேன்.' கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து. பேசப்பட்டிருந்தால் மொத்தப் பள்ளியின் தாள்களும் ரத்து, விசாரணையும் உண்டு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"எழுதிடறேன்டி" என்றாள் அக்கா. "நாலு மாசம் முன்னால பேசினோம், இது அவ சொன்னதுன்னு எழுதிடறேன்."

"எழுதி? அவளுக்கு சீட் குடுத்துடுவாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. ரத்து பண்ணுவாங்க."

"அப்ப யாருக்குமே கிடையாது. உனக்கு விசாரணை. இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு உனக்கு. அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி மாதிரி பேசாத, கையெழுத்தப் போடு."

"அந்தப் பிள்ளைக்கு பூஜ்யம்னு வருமேடி."

"ஒரு பூஜ்யத்துல யாரும் செத்துட மாட்டாங்க" என்றேன். இதைச் சொன்ன வாய் இதுதான். பேனாவை எடுத்து நீட்டிய கையும் இதுதான்.

அந்த நேரம் தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார். நல்ல மனிதர். பட்டியலைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "அந்த மெக்கானிக் பொண்ணு கெட்டின்னுல்ல நெனச்சேன்? ஏதாவது சொல்லணுமா டீச்சர்?" என்று கேட்டார். அப்படியே கேட்டார், இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று.

"ஒண்ணும் இல்ல சார்" என்று கையெழுத்துப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்களால் முடிந்தது.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நான்தான். எந்த யோசனையை எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கணக்கையும் சேர்த்து, கட்டங்களோடு அப்படியே ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. லிஃப்ட்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு ஆசிரியர் அறைக்கு வந்தாள். நான் வருகைப் பதிவேடு வாங்க அங்கே போயிருந்தேன்.

"டீச்சர், தனித்தன்மைன்னா என்ன?"

அக்கா கையிலிருந்த நோட்டை மூடினாள். "வேற யாருக்கும் தோணாதது உனக்குத் தோணறது."

பெண் தலையாட்டினாள். பாதியில் நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். "எனக்கு ஒண்ணுகூடவா தோணல?" என்று கேட்டாள்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்றாள் அக்கா. அடுத்த தடவை என்று எதுவும் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு மட்டும்தான் அந்தத் தேர்வு. அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை அக்கா மேஜைமேல் ஒரு பழைய சாவிக்கொத்தை வைத்திருக்கிறாள். லிஃப்ட்டு வாய் திறக்கவில்லை. அக்கா பெயர் சொல்லிக் கேட்டபோது எழுந்து, "எல்லாரும் சொல்றதுதான் டீச்சர் எனக்கும் தோணுது" என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்பது மற்ற பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது. யோசனையை வெளியே சொன்னால் நஷ்டம். ஒவ்வொன்றாக வாயை மூடின. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல முப்பத்தாறும் உட்கார்ந்திருந்தன. அக்கா மட்டும் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷக் கடைசியில் அந்த வகுப்பில் கணக்குப் போட ஆரம்பித்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், பல் துலக்கிய கையோடு உட்கார்ந்து கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். நடந்தது எல்லாவற்றையும் எழுதினாள். பொய்க் கையெழுத்துப் போட்டதை இரண்டுமுறை எழுதினாள். "தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற" என்றேன். "வாலாவது கையில இருக்கட்டும்" என்றாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தண்டனை ஏதும் இல்லை. நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். அவளுடைய கடிதம் ஒரு முக்கியமான குறைபாட்டைச் சுட்டிக்காட்டியதாகவும், அதன் அடிப்படையில் எல்லாப் பள்ளிகளுக்கும் புதிய சுற்றறிக்கை அனுப்பியிருப்பதாகவும் சொல்லி, நகல் ஒன்றையும் வைத்திருந்தார்கள். சுற்றறிக்கை எனக்கும் ஆபீசுக்கு வந்தது. 'தேர்வுக்கு முந்தைய ஆறு மாதங்களில் மாணவர்கள் தங்கள் யோசனைகளை வகுப்பில் வெளிப்படையாகப் பகிர்வதை ஆசிரியர்கள் தவிர்க்கச் செய்ய வேண்டும்.' அதையும் பலகையில் ஒட்டினேன். என்ன செய்வது, அது என் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கிளம்பிவிட்டாள். "அவகிட்டயாவது சொல்லிடறேன்" என்றாள். தனியாக விட மனசு வராமல் நானும் போனேன்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் வீடு. அந்தப் பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. "உங்களால்தான் டீச்சர் இவ தேறினா. முன்னெல்லாம் எதையாவது உளறிக்கிட்டே இருப்பா, நானும் என்னமோன்னு பயந்துட்டேன். இப்ப புத்தகத்துல என்ன இருக்கோ அத அப்படியே எழுதறா. வகுப்புல முதல் மூணுக்குள்ள வர்றா" என்றார். மனசார நன்றி சொன்னார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பெண் தேநீர் கொண்டுவந்தாள். உயரமாகியிருந்தாள். நன்றாக இருக்கிறீர்களா, ஓய்வு எப்படி இருக்கிறது என்று தடையில்லாமல் பேசினாள். எங்கேயும் நிற்கவில்லை.

அக்கா ஆரம்பித்தாள். "அந்தக் குடைத் தேர்வு ஞாபகம் இருக்காம்மா? அந்த யோசனை உன்னோடது. நீதான் முதல்ல சொன்ன. அத கேட்டுத்தான் எல்லாரும் எழுதினாங்க."

பெண் கொஞ்சம் சிரித்தாள். "இருபத்தேழு பேர் எழுதினது எப்படி டீச்சர் என்னோடதா இருக்கும்?"

"நீ சொன்னம்மா. மழை பேஞ்சிட்டிருந்துச்சு. நீ எழுந்து நின்ன."

"நானும் யார்கிட்டயாவது கேட்டிருப்பேன் டீச்சர். எல்லாருக்கும் தோணறதுதானே அது."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன்டி." நான் சொன்னேன். அன்று சாயங்காலமே அக்கா என்னிடம் வந்து சொன்னதை, தேநீர் ஆறிப்போனதை, எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக அந்தக் குடையைத் திருப்பிச் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். எழுத்தில் ஏதாவது இருந்தால் காட்டியிருக்கலாம். வியாழக்கிழமைகளில்தான் பேனா திறந்ததே இல்லையே.

"நல்லா இருக்கு" என்றாள், யாரோ எழுதியதைப் பற்றிச் சொல்வது போல. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குத்திக்காட்டுகிற குரலில்லை அது. தன் டீச்சர்மேல் முழு நம்பிக்கை வைத்திருக்கிற பிள்ளையின் குரல்.

"விடுங்க டீச்சர், எனக்காக இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க. ஆனா அது என்னோடதா இருந்திருந்தா, நீங்க அன்னிக்கே சொல்லியிருப்பீங்களே."

அக்கா என்னைப் பார்த்தாள். இந்தமுறை நான் தலையை அசைக்கவில்லை. அக்கா மற்றக் கையால் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தாள்.